ஓசூரில் நுழைந்த ரூட் ஊத்தங்கரைக்கு எப்படிப் போகிறது? ஓஎஸ்பிஎஃப் வெளி ரூட்டுகள்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரூட்டர்கள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ள உதவும் ஓஎஸ்பிஎஃப்பை ஒரே ஏரியாவில் ஓட்டிப் பார்த்தாயிற்று. நெய்பர் எல்லாம் ‘ஃபுல்’ காட்டுகிறது, பிங் போகிறது. அதற்குப் பிறகு புதியவர்கள் தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஓஎஸ்பிஎஃப் பேசாத ஒரு நெட்வொர்க்கின் ரூட்டை உள்ளே கொண்டுவர வேண்டும். அது ஏரியா தாண்டி மற்ற கிளைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். கட்டளை ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ரூட்டர்களுக்குள் என்ன பேச்சு நடக்கிறது என்று தெரியாவிட்டால், ஒரு கிளையில் ரூட் வரும், இன்னொரு கிளையில் வராது, காரணம் மட்டும் பிடிபடாது.

பர்கூர், தர்மபுரி பக்கம் படித்து முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஐடி பிரிவிலோ, ஊரில் இன்டர்நெட் கொடுக்கிற ஆபரேட்டரிடமோ வேலைக்குச் சேர்ந்திருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஐபி, சப்நெட், ஸ்டாடிக் ரூட், ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப் வரை தெரிந்தால் போதும். கட்டளைகளைச் சிஸ்கோ முறையில் சொல்கிறேன். லினக்ஸில் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருளைப் போட்டுப் பழகுகிறவர்களுக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும். இங்கே தமிழ் எழுத்தில் இருப்பதைத் திரையில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளி ரூட் விஷயத்தில் எந்தக் குழப்பம் வந்தாலும் இரண்டு கேள்விதான் கேட்க வேண்டும். இந்தச் செய்தியைச் சொன்ன ரூட்டர் எது? அந்த ரூட்டரிடம் போக எனக்கு வழி தெரியுமா? கீழே வருகிற எல்லாப் படிகளிலும் இந்த இரண்டு கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கப்போகிறோம்.

முதல் படி: ஐந்து ஊர், மூன்று ஏரியா

கற்பனையாக ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் தர்மபுரி. ஆலை கிருஷ்ணகிரி. ஏற்றுமதிக் கிடங்கு ஓசூர். கொள்முதல் மையங்கள் அரூரிலும் ஊத்தங்கரையிலும். கணினியிலேயே நெட்வொர்க் கட்டிப் பார்க்கிற ஜிஎன்எஸ்3-இல் ஐந்து ரூட்டர்களை இழுத்து வைத்து இந்த ஊர்ப் பெயர்களையே ஹோஸ்ட்நேமாகக் கொடுங்கள். ஆர்1, ஆர்2 என்று வைத்தால் அரை மணி நேரத்தில் எது எங்கே இருக்கிறது என்றே மறந்துபோகும்.

கிருஷ்ணகிரிக்கும் தர்மபுரிக்கும் நடுவில் ஒன்று, தர்மபுரிக்கும் அரூருக்கும் நடுவில் ஒன்று: இந்த இரண்டு லிங்குகளும் ஏரியா 0. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில் உள்ளது ஏரியா 1. அரூருக்கும் ஊத்தங்கரைக்கும் நடுவில் உள்ளது ஏரியா 2. ஆக, கிருஷ்ணகிரியும் அரூரும் இரண்டு ஏரியாக்களில் கால் வைத்திருக்கின்றன. இவைதான் ஏபிஆர், அதாவது ஏரியா எல்லை ரூட்டர். மற்ற ஏரியாக்கள் எல்லாம் ஏரியா 0-ஐத் தொட்டுத்தான் இருக்க வேண்டும் என்பது ஓஎஸ்பிஎஃப்பின் அடிப்படை விதி.

ரூட்டர் ஐடிகளைக் கையால் கொடுங்கள்: தர்மபுரி 1.1.1.1, கிருஷ்ணகிரி 2.2.2.2, ஓசூர் 3.3.3.3, அரூர் 4.4.4.4, ஊத்தங்கரை 5.5.5.5. இதே எண்களை லூப்பேக் முகவரியாகவும் போட்டு, அந்த லூப்பேக்குகளை ஓஎஸ்பிஎஃப்பில் சேர்த்துவிடுங்கள். தர்மபுரியும் அரூரும் கிருஷ்ணகிரியும் அவற்றை ஏரியா 0-இலும், ஓசூர் ஏரியா 1-இலும், ஊத்தங்கரை ஏரியா 2-இலும் சேர்க்கட்டும். பிறகு எல்லா லிங்குக்கும் ‘ஐபி ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 10’ என்று வைத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் சிஸ்கோவின் பழைய கணக்குப்படி 100 எம்பிக்கு மேல் உள்ள எல்லா லிங்குக்கும் காஸ்ட் 1 என்றே வரும், பின்னால் கணக்குப் பார்க்கும்போது ஒன்றும் விளங்காது.

ஐந்து ரூட்டரிலும் மற்ற நான்கின் லூப்பேக்கும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். தெரியாமல் போகவே போகாதீர்கள்.

இரண்டாம் படி: ஓசூரில் கதவைத் திறப்பது

கூழ் வாங்குகிற ஒரு நிறுவனம், சரக்கு இருப்பைப் பார்க்கத் தன் நெட்வொர்க்கை ஓசூர் கிடங்கோடு இணைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் 172.20.8.0/24, 172.20.9.0/24 என்று இரண்டு நெட்வொர்க். அவர்களுடைய ரூட்டர் 192.168.50.2. அவர்கள் நம்மோடு ஓஎஸ்பிஎஃப் பேசமாட்டார்கள், நாமும் பேசக் கேட்கக் கூடாது. ஓசூரில் இரண்டு ஸ்டாடிக் ரூட் போடுகிறோம். 192.168.50.0 லிங்கை ஓஎஸ்பிஎஃப்பில் சேர்க்கவில்லை, அதைக் கவனியுங்கள்.

இப்போது ஓசூரின் ஓஎஸ்பிஎஃப் பகுதிக்குள் போய் ‘ரீடிஸ்ட்ரிபியூட் ஸ்டாடிக் சப்நெட்ஸ்’ என்று அடியுங்கள். அந்த நொடியிலேயே ஓசூர் ஒரு ஏஎஸ்பிஆர் ஆகிவிட்டது: வெளி உலகத்தின் ரூட்டை உள்ளே சொல்கிற ரூட்டர். கடைசியில் உள்ள ‘சப்நெட்ஸ்’ என்ற சொல்லைப் பழைய ஐஓஎஸ்களில் விடவே கூடாது. விட்டால் ஏ, பி, சி வகுப்பு முழு நெட்வொர்க்குகள் மட்டும்தான் போகும். நம்முடைய 172.20.8.0/24 ‘பி’ வகுப்பின் ஒரு துண்டு என்பதால் ஒன்றுமே போகாது. கட்டளை அடிக்கும்போது திரையில் ஒரு எச்சரிக்கை வரும், ஆனால் அதை யார் படிக்கிறார்கள்.

தர்மபுரியில் ரூட்டிங் டேபிளைப் பாருங்கள். 172.20.8.0/24-க்கு முன்னால் ‘ஓ ஈ2’ என்றும், அடைப்புக்குள் 110/20 என்றும் இருக்கும். 110 என்பது ஓஎஸ்பிஎஃப்பின் நம்பகத் தூரம்: ஒரே நெட்வொர்க்குக்கு இரண்டு வகையில் வழி கிடைத்தால் இந்த எண் சிறியதாக உள்ளதே ஜெயிக்கும். 20 என்பது ஸ்டாடிக் ரூட்டை உள்ளே எடுக்கும்போது சிஸ்கோ தானாக ஒட்டுகிற மெட்ரிக். பிஜிபியிலிருந்து எடுத்தால் மட்டும் அது 1 என்று வரும். ஊத்தங்கரையிலும் பாருங்கள். அங்கேயும் அதே 20. நான்கு லிங்க் தாண்டி வந்தும் எண் ஏறவில்லை. ஏன் என்பதை நான்காம் படியில் பார்ப்போம்.

மூன்றாம் படி: டேட்டாபேஸைத் திறந்து பார்ப்பது

நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். மற்றதையெல்லாம் அவசரமாகக் கூடச் செய்யலாம்.

ஊத்தங்கரையில் ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் எக்ஸ்டர்னல்’ என்று அடியுங்கள். டைப் 5 எல்எஸ்ஏ என்று ஒன்று வரும். எல்எஸ்ஏ என்பது ஓஎஸ்பிஎஃப் ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று அனுப்புகிற செய்தி; வெளி ரூட்டைச் சொல்வது டைப் 5. லிங்க் ஸ்டேட் ஐடி 172.20.8.0. அறிவித்த ரூட்டர் 3.3.3.3. இதே கட்டளையைக் கிருஷ்ணகிரியில், தர்மபுரியில், அரூரில் அடியுங்கள். எல்லா இடத்திலும் அதே வரிகள், அதே 3.3.3.3. வயது மட்டும் சில நொடி வித்தியாசப்படும். ஏரியாவுக்குள் உள்ள நெட்வொர்க்குகளை ஏபிஆர் டைப் 3 ஆகத் திருப்பி எழுதித் தன் பெயரில் அனுப்பும்; டைப் 5-இல் கை வைக்காது. ஓசூர் எழுதியது எழுதியபடியே கடைசி வரை போகிறது.

கல்யாணப் பத்திரிகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபம் ஓசூரில் என்று அச்சடித்திருக்கும். எல்லா ஊருக்கும் ஒரே பத்திரிகைதான். ஊத்தங்கரைக்காரர் எந்த பஸ் பிடித்து எங்கே மாற வேண்டும் என்பது அதில் இருக்காது. அது அவரவர் ஊரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது.

அந்த வழியைச் சொல்வதுதான் டைப் 4. ஊத்தங்கரை இருப்பது ஏரியா 2-இல். 3.3.3.3 என்ற ரூட்டர் இருப்பது ஏரியா 1-இல். ஏரியா 1-இன் உள்படம் ஊத்தங்கரைக்குத் தெரியாது. ஏரியா பிரிப்பதன் நோக்கமே அதுதான். அதனால் ஏரியா எல்லையில் நிற்கிற ரூட்டர் ‘3.3.3.3 என்ற ஏஎஸ்பிஆரிடம் போக என் வழியாக வா, இவ்வளவு செலவாகும்’ என்று தன் பெயரில் ஒரு சீட்டு எழுதித் தருகிறது. ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ் ஏஎஸ்பிஆர்-சம்மரி’ என்று அடித்தால் அது தெரியும். தர்மபுரியில் அடித்தால் லிங்க் ஸ்டேட் ஐடி 3.3.3.3, அறிவித்தவர் 2.2.2.2, மெட்ரிக் 10. ஊத்தங்கரையில் அடித்தால் லிங்க் ஸ்டேட் ஐடி அதே 3.3.3.3, ஆனால் அறிவித்தவர் 4.4.4.4, மெட்ரிக் 30. அரூரிலிருந்து தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மூன்று லிங்க், தலா 10.

ஏரியா 1-க்குள் மட்டும் ஓசூரைப் பற்றி டைப் 4 இருக்காது. அங்கே கிருஷ்ணகிரிக்கு ஓசூரை நேராகவே தெரியும். ஓசூர் தன்னைப் பற்றி ஏரியாவுக்குள் சொல்கிற டைப் 1-இலேயே ‘நான் ஏஎஸ்பிஆர்’ என்று ஒரு பிட்டை ஏற்றி வைத்திருக்கும்.

புதிதாகச் சேர்ந்த பையன்கள் போனில் கேட்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். “அண்ணா, டேட்டாபேஸ்ல இருக்குதுண்ணா, டேபிள்ல மட்டும் வரமாட்டேங்குது.” பதிலும் எப்போதும் ஒன்றுதான். “சொன்னது யாருன்னு பாத்தியா? அந்த ஐடி பார்டர்-ரவுட்டர்ஸ்ல இருக்குதா பாருப்பா.” ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் பார்டர்-ரவுட்டர்ஸ்’ என்பது பலரும் அடிக்காத கட்டளை. ஏபிஆர், ஏஎஸ்பிஆர் எல்லோரிடமும் போக நமக்கு என்ன வழி, என்ன செலவு என்பதை ஒரே இடத்தில் காட்டிவிடும். ஊத்தங்கரையில் அடித்தால் 3.3.3.3-க்கு 40 என்று இருக்கும்: அரூர் சொன்ன 30, அரூர் வரை தன்னுடைய 10.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை. ஓசூர் ரூட்டரை அப்படியே நிறுத்திவிடுங்கள், கரண்ட் போனது மாதிரி. ஈதர்நெட்டில் ஹலோ 10 நொடிக்கு ஒன்று, 40 நொடி சத்தமில்லாவிட்டால் நெய்பர் போய்விட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு ஊத்தங்கரையில் டேபிளைப் பாருங்கள். 172.20.8.0 போயிருக்கும். இப்போது டேட்டாபேஸைப் பாருங்கள். டைப் 5 அங்கேயே உட்கார்ந்திருக்கும்! வயது மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஓசூர் உயிரோடு இருந்தால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்திருக்கும். இல்லாததால் 3600 நொடி ஆனபின்தான் அது துடைக்கப்படும். அடுத்தவர் எழுதிய எல்எஸ்ஏவை நடுவில் யாரும் அழிக்க முடியாது. ஆனால் டைப் 4 உடனே காணாமல் போயிருக்கும், ஏனென்றால் அதை எழுதியவை உயிரோடு இருக்கிற கிருஷ்ணகிரியும் அரூரும். செய்தி இருக்கிறது, சொன்னவரிடம் போக வழியில்லை. அதனால் டேபிளில் ஏறாது.

ஓசூரைத் திரும்ப ஏற்றிவிட்டு மேலே போவோம்.

நான்காம் படி: ஈ1, ஈ2

வெளி ரூட்டுக்கு இரண்டு வகை மெட்ரிக். ஈ2 என்றால் ஏஎஸ்பிஆர் சொன்ன எண் மட்டும்தான் கணக்கு. உள்ளே எத்தனை லிங்க் தாண்டினாலும் கூடாது. அதனால்தான் எல்லா ஊரிலும் 20. ஈ1 என்றால் அந்த எண்ணோடு ஏஎஸ்பிஆர் வரை உள்ள செலவும் சேரும். ஓசூரில் ‘மெட்ரிக்-டைப் 1’ சேர்த்துப் பாருங்கள். கிருஷ்ணகிரியில் 30, தர்மபுரியில் 40, அரூரில் 50, ஊத்தங்கரையில் 60 என்று படிப்படியாக ஏறும்.

வெளியே போக ஒரே வாசல்தான் என்றால் எது வைத்தாலும் ஒன்றுதான், மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வாசல் வரும்போதுதான் இது விஷயமாகிறது. அதே வாங்குபவர் தர்மபுரிக்கும் ஒரு லைன் போட்டுக் கொடுக்கிறார் என்று வையுங்கள். இரண்டுமே ஈ2, இரண்டுமே 20 என்றால் எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் ஓடிவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எண் சமமாக இருந்தால் ஈ2-விலும் எந்த ஏஎஸ்பிஆர் கிட்டே இருக்கிறதோ அதற்குத்தான் போகும். அரூர் தர்மபுரிக்கும், கிருஷ்ணகிரியோ இரண்டு பக்கமும் 10 என்பதால் இரண்டுக்கும் பகிர்ந்தும் அனுப்பும்.

ஈ2-வின் உண்மையான பயன் எண்களை வேண்டுமென்றே வேறுபடுத்தும்போதுதான். ஓசூரில் 20, தர்மபுரியில் 100 என்று வைத்து, தர்மபுரியின் ஸ்டாடிக் ரூட்டுக்கு நம்பகத் தூரத்தையும் 110-க்கு மேல் கொடுத்தால், தர்மபுரியிலேயே கணினி வைத்திருக்கிறவரும் ஓசூர் போய்த்தான் வெளியேறுவார். ஓசூர் விழுந்தால் மட்டும் தர்மபுரி லைன் வேலைக்கு வரும். முதன்மை லைன், மாற்று லைன் என்று பிரிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. அவரவர் கிட்டே உள்ள வாசலில் போகட்டும் என்றால் ஈ1. இரண்டையும் கலக்காதீர்கள். ஒரே நெட்வொர்க்குக்கு ஒருவர் ஈ1, இன்னொருவர் ஈ2 சொன்னால் எண்ணைப் பார்க்காமல் ஈ1 ஜெயித்துவிடும். ஈ1 5000 என்றும் ஈ2 1 என்றும் இருந்தாலும் அதுதான் கதை.

தர்மபுரி லைனை எடுத்துவிடுங்கள். ஓசூரையும் பழையபடி ஈ2-வுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஊத்தங்கரைக்கு இவ்வளவு செய்தி எதற்கு?

கொள்முதல் மையத்தில் ஒரு எடை மேடை, இரண்டு கணினி, ஒரு பிரிண்டர். அரூர் வழி தவிர வேறு வழியே கிடையாது. வெளியில் ஆயிரம் ரூட் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் அதன் பதில் ‘அரூரிடம் கொடு’ என்பதுதான். அப்படியானால் அந்தச் சின்ன ரூட்டரின் நினைவகத்தில் ஏன் அத்தனையையும் அடைக்க வேண்டும்? ஏரியா 2-ஐ ஸ்டப், அதாவது டைப் 5 நுழையாத ஏரியா, ஆக்கிவிடலாம்.

அரூரிலும் ஊத்தங்கரையிலும் ‘ஏரியா 2 ஸ்டப்’ என்று அடியுங்கள். இரண்டிலும் அடிக்க வேண்டும். ஹலோ பாக்கெட்டிலேயே ‘இந்த ஏரியாவில் டைப் 5 உண்டா இல்லையா’ என்று ஒரு பிட் இருக்கிறது. இரு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் நெய்பர் உறவே வராது. ஒரு பக்கம் அடித்துவிட்டு ‘லிங்க் போச்சு’ என்று கேபிளைப் பிடுங்கி மாட்டிப் பயனில்லை. தூரத்தில் இருக்கிற கிளை என்றால் வேலை வரிசையையும் யோசியுங்கள். ஊத்தங்கரையில் முதலில் அடித்துவிட வேண்டும், பிறகு அரூரில். தலைகீழாகச் செய்தால் ஓஎஸ்பிஎஃப்பை நம்பி உள்ளே போகிற உங்கள் டெல்நெட்டோ எஸ்எஸ்எச்சோ அறுந்துவிடும். அரூர் ரூட்டரில் ஏறி, நேர் லிங்க் முகவரிக்குத் தாவித்தான் ஊத்தங்கரையைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

உறவு திரும்ப வந்ததும் ஊத்தங்கரையில் பாருங்கள். டைப் 5 இல்லை, டைப் 4-ம் இல்லை. பதிலாக ‘ஓ*ஐஏ 0.0.0.0/0’, மெட்ரிக் 11. அரூர் தானாகவே காஸ்ட் 1-இல் ஒரு டிஃபால்ட் ரூட்டை அனுப்பியிருக்கிறது, லிங்குக்கு 10 சேர்ந்து 11. மற்ற ஏரியாக்களின் டைப் 3-ம் வேண்டாம் என்றால் அரூரில் மட்டும் கடைசியில் ‘நோ-சம்மரி’ சேருங்கள். ஊத்தங்கரை டேபிள் நாலைந்து வரியில் அடங்கிவிடும். ஏரியா 0-ஐ மட்டும் ஸ்டப் ஆக்க முடியாது.

ஆறாம் படி: ஸ்டப்புக்குள் ஒரு வாசல் வந்துவிட்டால்

மாங்காய் சீசனில் ஊத்தங்கரை மையத்துக்குப் பக்கத்துக் குளிர்பதனக் கிடங்கை வாடகைக்கு எடுக்கிறார்கள். அங்கே 192.168.77.0/24 என்று ஒரு நெட்வொர்க், ஓஎஸ்பிஎஃப் தெரியாத ஒரு பழைய பெட்டி. ஊத்தங்கரையில் ஸ்டாடிக் போட்டு உள்ளே சொல்லலாம் என்றால் முடியாது. ஸ்டப் ஏரியாவில் டைப் 5 நடமாடவே கூடாது, அதனால் அங்கே ஏஎஸ்பிஆர் இருப்பதில் அர்த்தமில்லை.

இதற்காகவே வந்தது என்எஸ்எஸ்ஏ. 1994-இல் ஆர்எஃப்சி 1587 ஆக வந்து, 2003-இல் ஆர்எஃப்சி 3101 ஆகத் திருத்தப்பட்டது. முழு ஸ்டப் இல்லை, பாதி ஸ்டப் என்று சொல்லலாம்: வெளியிலிருந்து வருகிற டைப் 5-க்கு அனுமதி இல்லை, உள்ளேயிருந்து கிளம்புகிற வெளி ரூட்டுக்கு டைப் 7 என்ற தனி உருவம் உண்டு.

இரண்டு ரூட்டரிலும் ‘நோ ஏரியா 2 ஸ்டப்’, பிறகு ‘ஏரியா 2 என்எஸ்எஸ்ஏ’. ஊத்தங்கரையில் ரீடிஸ்ட்ரிபியூட். அரூரில் டேபிளைப் பார்த்தால் 192.168.77.0-க்கு முன்னால் ‘ஓ என்2’ என்று இருக்கும். தர்மபுரிக்குப் போனால் அதே நெட்வொர்க் ‘ஓ ஈ2’ ஆகியிருக்கும். நடுவில் அரூர் டைப் 7-ஐ டைப் 5 ஆக மாற்றி எழுதியிருக்கிறது. அந்த ஏரியாவுக்கு இரண்டு ஏபிஆர் இருந்தால் ரூட்டர் ஐடி எதற்குப் பெரியதோ அது மட்டும் இந்த வேலையைச் செய்யும்.

நம் முதல் கேள்வியை இங்கே கேளுங்கள்: சொன்னது யார்? தர்மபுரி டேட்டாபேஸில் அறிவித்த ரூட்டர் 4.4.4.4, அதாவது அரூர். 5.5.5.5-க்கு டைப் 4 எங்கே என்று ஓசூரில் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது, இருப்பது 4.4.4.4-க்குத்தான். இரண்டாம் கேள்வியில் ஒரு கொக்கி இருக்கிறது. டைப் 7-இல் ஃபார்வர்டிங் முகவரி என்று ஒரு கட்டம் உண்டு. ஓசூரின் டைப் 5-இல் அது 0.0.0.0 என்று இருந்தது, அதாவது ‘என்னிடமே வா’. ஊத்தங்கரையின் டைப் 7-இல் அது 5.5.5.5 என்று நிரப்பப்பட்டிருக்கும், அரூர் மாற்றி எழுதும்போதும் அந்த முகவரி அப்படியே போகும். அதைப் பார்க்கிற ரூட்டர் 5.5.5.5 வரை ஓஎஸ்பிஎஃப்பின் உள் ரூட்டாகவே வழி கேட்கும். யாரோ சுத்தம் செய்கிறேன் என்று அரூரில் அந்த லூப்பேக்கை வெளியே போகாமல் வடிகட்டிவிட்டால் போச்சு. டைப் 5 இருக்கும், அரூருக்கும் வழி இருக்கும், ஆனால் 192.168.77.0 தர்மபுரி டேபிளில் ஏறாது. இதைக் கண்டுபிடிக்கத்தான் அனுபவசாலிகளுக்கே நேரம் பிடிக்கும்.

இன்னொரு பள்ளம். ஸ்டப்பில் தானாக வந்த டிஃபால்ட் ரூட், சிஸ்கோவில் சாதாரண என்எஸ்எஸ்ஏவுக்கு மாறியதும் வராது. டைப் 5-ம் வராது, டிஃபால்ட்டும் வராது. ஊத்தங்கரைக்காரருக்கு ஓசூர் வழி போகிற 172.20.8.0 ஒரேயடியாக மறைந்துவிடும். அரூரில் ‘ஏரியா 2 என்எஸ்எஸ்ஏ டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன்-ஒரிஜினேட்’ என்று சேர்க்க வேண்டும். அல்லது ‘நோ-சம்மரி’ போட்டால் டிஃபால்ட்டும் கூடவே வரும். ஒற்றை லைன் கிளைக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான்.

ஏழாம் படி: தர்மபுரியிலிருந்து இன்டர்நெட்

இது சின்ன விஷயம். தர்மபுரியில் இன்டர்நெட் லைன், ஒரு ஸ்டாடிக் டிஃபால்ட் ரூட். ‘ரீடிஸ்ட்ரிபியூட் ஸ்டாடிக்’ எல்லா ஸ்டாடிக்கையும் எடுக்கும், 0.0.0.0-ஐ மட்டும் எடுக்காது. அதற்கு ‘டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்’ என்று தனிக் கட்டளை. மற்ற ஊர்களில் ‘ஓ*ஈ2’, மெட்ரிக் 1 என்று வரும். பின்னால் ‘ஆல்வேஸ்’ சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சேர்த்தால் இன்டர்நெட் லைன் அறுந்தாலும் தர்மபுரி ‘என்னிடம் வா’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும், வருகிற பாக்கெட்டெல்லாம் அங்கேயே செத்துவிடும். தேவை என்ன என்று தெரியாமல் சேர்க்காதீர்கள். இதுவும் டைப் 5-தான் என்பதால் ஏரியா 2-க்குள் நுழையாது. ஊத்தங்கரைக்கு அரூர் கொடுக்கிற டிஃபால்ட்டே கதி.

எட்டாம் படி: வாசலிலேயே வடிகட்டுவது

டைப் 5-ஐ நடுவில் உள்ள ஏபிஆர் தொடாது என்று பார்த்தோம். அதனால் ‘கிருஷ்ணகிரியில் 172.20.9.0-ஐ மட்டும் நிறுத்திவிடலாம்’ என்ற யோசனை நடக்காது. ‘டிஸ்ட்ரிபியூட்-லிஸ்ட் இன்’ போட்டால் கிருஷ்ணகிரியின் சொந்த டேபிளில்தான் அது வராது. எல்எஸ்ஏ தாண்டிப் போய்க்கொண்டேதான் இருக்கும். தர்மபுரி அந்த ரூட்டை நம்பிக் கிருஷ்ணகிரிக்கு அனுப்பும், கிருஷ்ணகிரிக்கு வழி தெரியாது. டிஃபால்ட் ரூட் இருந்தால் தர்மபுரிக்கே திருப்பி அனுப்பும், பாக்கெட் இரண்டு ஊருக்கும் நடுவில் சுற்றும். நிறுத்த வேண்டுமானால் ஓசூரிலேயே ரூட்-மேப்பும் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதி) ப்ரிஃபிக்ஸ்-லிஸ்டும் (நெட்வொர்க்குகளின் பட்டியல்) வைத்து நிறுத்துங்கள். ரூட்-மேப் இல்லாமல் ரீடிஸ்ட்ரிபியூட் அடிப்பதையே பழக்கத்திலிருந்து விட்டுவிடுங்கள். நாளைக்கு யாரோ சோதனைக்கு ஒரு ஸ்டாடிக் போட்டால் அதுவும் ஐந்து ஊருக்கும் போய்விடும்.

சுருக்குவதும் அதே வாசலில்தான். இரண்டு /24-ஐயும் 172.20.8.0/23 என்று ஒன்றாக்க ஓசூரில் ‘சம்மரி-அட்ரஸ்’ கட்டளை. ‘ஏரியா ரேஞ்ச்’ என்பது ஏபிஆரில் உள் ரூட்டுகளைச் சுருக்குவதற்கு. டைப் 5 மேல் அதற்கு அதிகாரமில்லை. அரூர் மட்டும் டைப் 7-ஐ மாற்றி எழுதுகிற ரூட்டர் என்பதால், அங்கே ‘சம்மரி-அட்ரஸ்’ எடுபடும்.

வெளியே உள்ளவர் ஸ்டாடிக் இல்லாமல் ரிப் என்ற இன்னொரு ரூட்டிங் முறையைப் பேசுகிறவராக இருந்து, ஓசூர், கிருஷ்ணகிரி என்று இரண்டு இடத்தில் இணைந்து, இரு திசையிலும் ரூட் மாற்றிக்கொள்கிறீர்கள் என்றால் கவனம். ரிப்பின் நம்பகத் தூரம் 120, ஓஎஸ்பிஎஃப் 110. ஓசூர் ரிப்பிலிருந்து எடுத்து ஓஎஸ்பிஎஃப்பில் விட்டது கிருஷ்ணகிரிக்கு 110-ஆக வந்து, அது நேராகக் கேட்ட 120-ஐத் தோற்கடிக்கும். கிருஷ்ணகிரி அதையே ரிப்புக்குள் திருப்பி ஊற்றும், வட்டம் ஆரம்பம். மருந்து டேக். உள்ளே எடுக்கும்போது ரூட்-மேப்பில் ஒரு எண்ணை ஒட்டுங்கள். வெளியே விடும்போது அந்த எண் உள்ளதைத் தடுங்கள். டைப் 5-இல் அதற்கென்றே 32 பிட் இடம் இருக்கிறது.

ரூட் வரவில்லை என்றால்

ஏஎஸ்பிஆரிலிருந்து தொடங்குங்கள், கடைசிக் கிளையிலிருந்து தொடங்காதீர்கள். ஓசூரின் சொந்த டேபிளில் அந்த ஸ்டாடிக் இருக்கிறதா? 192.168.50 லிங்க் விழுந்திருந்தால் ஸ்டாடிக் டேபிளிலிருந்து போய்விடும், டேபிளில் இல்லாததை ஓஎஸ்பிஎஃப் எடுக்காது. இருந்தால், ஓசூர் டைப் 5 எழுதியிருக்கிறதா? தூரத்து ரூட்டரில் அந்த டைப் 5 தெரிகிறதா, இல்லை நடுவில் ஸ்டப் ஏரியா இருக்கிறதா? பிறகு பார்டர்-ரவுட்டர்ஸ். பிறகு ஃபார்வர்டிங் முகவரி. இதெல்லாம் சரியாக இருந்தால், அதே நெட்வொர்க்குக்கு யாராவது அந்த ரூட்டரிலேயே ஸ்டாடிக் போட்டு வைத்திருக்கிறார்களா பாருங்கள். ஸ்டாடிக்கின் தூரம் 1, ஓஎஸ்பிஎஃப் எட்டிப் பார்க்கவே முடியாது.

ரூட் வருவதும் போவதுமாக இருந்தால் ரூட்டர் ஐடியைச் சந்தேகப்படுங்கள். பழைய ரூட்டரின் கான்ஃபிகரேஷனை அப்படியே புது ரூட்டரில் ஒட்டினால் இது நடக்கும். ஓசூரிலும் ஊத்தங்கரையிலும் ஒரே 3.3.3.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு வேறு ஏரியா என்பதால் டைப் 1 மோதாது, நெய்பர் எல்லாம் ஃபுல், யாருக்கும் சந்தேகம் வராது. ஏரியா 2 சாதாரண ஏரியாவாக இருந்து இருவரும் வெளி ரூட் சொல்லும்போதுதான் சண்டை. 3.3.3.3 பெயரில் தான் எழுதாத ஒரு டைப் 5 வந்தால் ஓசூர் அதை ‘என் பழைய எல்எஸ்ஏ’ என்று நினைத்து அழிக்கும், ஊத்தங்கரை திரும்ப எழுதும், ஓசூர் திரும்ப அழிக்கும். டேட்டாபேஸில் அந்த எல்எஸ்ஏவின் சீக்வென்ஸ் எண் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போவது இதன் அடையாளம். ஐடியை மாற்றினால் மட்டும் போதாது. ‘கிளியர் ஐபி ஓஎஸ்பிஎஃப் ப்ராசஸ்’ அடிக்கும்வரை பழைய ஐடியே ஓடும். அந்தக் கட்டளை அந்த ரூட்டரின் நெய்பர் உறவை எல்லாம் ஒருமுறை அறுத்துக் கட்டும் என்பதால், லாரிகள் எடை மேடையில் வரிசை கட்டி நிற்கிற நேரத்தில் அடிக்காமல், இரவு லோடு இறக்கி முடித்தபிறகு அடியுங்கள்.